திறந்த தொட்டியும் கண்ணாடிக் கூரையும்: மைசூர் வீடுகளின் இரு வெளிச்சங்கள்

மைசூர் அரண்மனையைப் பார்க்கப் போகிறவர்கள் கல்யாண மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்க்காமல் வருவதில்லை. எண்கோண மண்டபம், வார்ப்பிரும்புத் தூண்கள், தலைக்கு மேலே மயில் உருவங்கள் தீட்டிய வண்ணக் கண்ணாடிக் கூரை. அந்தக் கண்ணாடியும் இரும்பும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் செய்து கப்பலில் வந்தவை. 1897-இல் இளவரசி ஜயலட்சுமம்மணியின் திருமணத்தின்போது பழைய மர அரண்மனை எரிந்துபோயிற்று. புதியதை ஹென்றி இர்வின் வரைந்தார். வேலை 1912-இல் முடிந்தது. கன்னிமரா நூலகத்தையும் எழும்பூர் தேசியக் கலைக்கூடத்தையும் வடிவமைத்தவர் என்பதால் சென்னைக்காரர்களுக்கு இர்வினின் கைவேலை பழக்கமானதுதான்.

அதே அரண்மனைக்குள் கூரையே இல்லாத முற்றங்களும் இருக்கின்றன. தொட்டி என்று அவற்றைச் சொல்வார்கள். விஜயதசமியன்று ஜெட்டி மல்லர்கள் வஜ்ரமுஷ்டி என்ற மற்போர் போடுவது அப்படியொரு திறந்த முற்றத்தில்தான். மழை பெய்தால் நனையும், வெயிலடித்தால் காயும். அதற்காக யாரும் அதை மூடவில்லை.

கட்டடத்தின் நடுவயிற்றுக்கு வெளிச்சம் கொண்டுவரும் இந்த இரண்டு வழிகளும் அரண்மனையில் அருகருகே இருக்கின்றன. மைசூரின் சாதாரண வீடுகளில் ஒன்று போய் மற்றது வந்திருக்கிறது. பழைய வீடுகளில் தொட்டி. புதிதாக எழும்பும் மாடி வீடுகளில் ஹாலுக்கு மேலே ஒரு கண்ணாடிச் சதுரம். படத்தில் பார்க்க இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றும். ஓர் ஏப்ரல் மதியத்தையும் அதன் முடிவில் வரும் இடிமழையையும் கண்டவர்களுக்கு அப்படித் தோன்றாது.

மைசூர்ப் பகுதியின் தொட்டி வீடு தஞ்சாவூர்க்காரர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. வாசலில் ஜகலி, அதாவது நம் திண்ணை. உள்ளே போனால் நடுவில் ஓர் அடி தாழ்ந்த முற்றம், சுற்றிலும் தூண் நிறுத்திய தாழ்வாரம். நான்கு பக்கத்து ஓட்டுக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து மழைநீரை முற்றத்தில் கொட்டும். முற்றத்தின் விளிம்பில் கல் பாவியிருப்பார்கள். ஓட்டு நுனிகளிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அந்தக் கல்லில் ஒரே வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகளைப் போட்டிருக்கும். கையால் தடவினால் ஓட்டுக்கு ஓட்டு இடைவெளியை எண்ணிவிடலாம். ஒரு மூலையில் ஜலதாரை. தண்ணீர் அதன் வழியே சுவருக்கு அடியில் புகுந்து தெருவுக்குப் போய்விடும்.

தொட்டியை ஒட்டாத அறைகளுக்கு, முக்கியமாகச் சமையலறைக்கு, கூரையிலேயே ஒரு கண்ணாடி ஓடு. 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு அந்தச் சிவப்பு ஓடு தென்னிந்தியா முழுக்கப் பரவியது. அதே அளவில் கண்ணாடி ஓடும் வந்தது. இந்தச் சின்னச் சாமானில் ஒரு பெரிய சூட்சுமம் உண்டு. மேல் ஓட்டின் வால் கீழ் ஓட்டின் தலைமேல் ஏறி உட்காரும். தண்ணீரைத் தடுப்பது அந்த ஏற்றமும் கூரையின் வாட்டமும்தான். பசையும் இல்லை, ரப்பரும் இல்லை. உடைந்தால் வீட்டுக்காரரே ஏணி வைத்து ஏறி மாற்றிவிடலாம்.

இன்றைய வீட்டின் கதை 30-க்கு 40 அடி மனையில் தொடங்குகிறது. கர்நாடகத்தில் நடுத்தரக் குடும்பத்தின் கனவுக்கு அதுதான் அளவு. பக்கத்துக்கு மூன்றடி விட்டுக் கட்டினால், பக்கத்து மனைக்காரரும் மூன்றடி விட்டால், சன்னலைத் திறந்ததும் எதிரே தெரிவது அவர் வீட்டுச் சுவர். கீழ்த்தளத்தின் நடுவே இருக்கும் ஹாலில் பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்கு எரிகிறது. ஆக, மேலிருந்து வெளிச்சம் வேண்டும் என்பது வெறும் ஆடம்பரம் இல்லை, உண்மையான தேவை. அந்தத் தேவைக்கு இப்போது கிடைக்கும் பதில்தான் கோளாறு: இரண்டு மாடி உயரத்துக்கு ஹாலைத் திறந்துவிட்டு, மேலே தளத்தில் ஓட்டை விட்டு, அதன்மேல் கண்ணாடியையோ பாலிகார்பனேட் ஷீட்டையோ படுக்க வைத்து மூடிவிடுகிறார்கள்.

வெயிலை முதலில் பார்ப்போம். மைசூர் ஏறத்தாழ 12.3 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 23-ஐ ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி ஒருமுறையும் சூரியன் உச்சிவேளையில் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். ஆகஸ்டில் பெரும்பாலும் மேகம் காப்பாற்றிவிடும். ஏப்ரலில் காப்பாற்ற எதுவும் இல்லை. ஆண்டின் சூடான மாதமும் அதுதான், படுத்த கண்ணாடிக்கு வெயில் செங்குத்தாக இறங்குவதும் அப்போதுதான். தெளிந்த வானத்தில் நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் கொட்டும். மூன்றடிக்கு மூன்றடி கண்ணாடி என்றால் 0.84 சதுர மீட்டர். சாதாரணத் தெளிந்த கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும். கணக்குப் போட்டால் 670 வாட் வருகிறது. ஹாலின் நடுவில் ஓர் இஸ்திரிப் பெட்டியை மதியம் முழுக்க அணைக்காமல் வைத்திருப்பதற்குச் சமம். ஆறடிக்கு ஆறடி என்று ஆசைப்பட்டவர்கள் நான்கு பெட்டி வைத்திருக்கிறார்கள்.

தொட்டியிலும் இதே வெயில்தானே விழுகிறது என்று கேட்கலாம். விழுகிறது, ஆனால் சூடான காற்று மேலே போவதைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய வித்தியாசம் இரவில் நடக்கிறது. பகலில் சூடேறிய கல்லும் ஓடும் இரவில் அந்தச் சூட்டை நேரே வானத்தை நோக்கி விடுகின்றன. சுற்றியிருக்கும் காற்று குளிர்ந்து, கனத்து, தாழ்ந்த முற்றத்தில் தங்குகிறது. மறுநாள் காலை பத்து மணிவரை தாழ்வாரத்தில் தரை சில்லென்று இருப்பது அதனால்தான். கண்ணாடி இந்த ஏற்பாட்டை ஒரே நாளில் கெடுத்துவிடும். வெயிலின் ஒளியை அது உள்ளே விடும். தரையும் சுவரும் இரவில் வெளியிடும் வெப்பக் கதிரை வெளியே விடாது. பகலில் வாங்கிக்கொண்டு இரவில் கொடுக்க மறுக்கும் கூரை அது.

இங்கே மைசூருக்கு ஒரு தனி அதிர்ஷ்டம் உண்டு. ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஏப்ரலில் பகல் 34, 35 டிகிரியைத் தொட்டாலும் இரவு 21-க்கு இறங்கிவிடும். சென்னையின் மே மாத இரவு 27, 28-ஐ விட்டு நகராது. இரவுக் குளிர்ச்சியைச் சேமித்துப் பகலில் செலவழிக்கும் தொட்டி மைசூரில் நன்றாக உழைத்ததற்குக் காரணம் இதுதான். சென்னையில் அதே முற்றம் வெளிச்சமும் காற்றும் தரும், அவ்வளவு குளிர்ச்சி தராது. இயற்கை இலவசமாகக் கொடுத்த இந்த 13 டிகிரி வித்தியாசத்தைக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டு, பிறகு ஹாலுக்கு ஏசி வாங்குகிறோம்.

கண்ணாடியிலும் தரம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். வெயிலைத் திருப்பும் பூச்சுப் பூசிய கண்ணாடி, வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும்படி கிடைக்கிறது. வணிகக் கட்டடங்களுக்கான 2017-ஆம் ஆண்டின் மத்திய எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு, கூரைக் கண்ணாடிக்கு அந்த அளவைத்தான் உச்சவரம்பாக வைத்திருக்கிறது. கூரைப் பரப்பில் 5 விழுக்காட்டுக்கு மேல் கண்ணாடி கூடாது என்றும் சொல்கிறது. வீடுகளுக்கு அந்த விதி பொருந்தாது என்றாலும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். 900 சதுர அடிக் கூரைக்கு 45 சதுர அடி. அதைத் தாண்டினால் அழகுக்காகச் செய்கிறோம் என்று தெரிந்தே செய்ய வேண்டும்.

அடுத்து மழை. மைசூரின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர்தான். சென்னையோடு ஒப்பிட்டால் குறைவு. ஆனால் அது வரும் விதம் வேறு. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் மதியம் முழுக்கப் புழுங்கி, நான்கு மணிக்கு மேற்கே கறுத்து, முதலில் புழுதிக் காற்று, பிறகு இடி, அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் போய்விடும். சில மாலைகளில் ஆலங்கட்டியும் சேர்ந்து விழும். மாங்காயோடு கிளையும் முறியும், சில சமயம் மரமே சாயும். அக்டோபரில் இன்னொரு சுற்று.

பத்தடிக்குப் பத்தடி தொட்டியில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 460 லிட்டருக்கு மேல் தண்ணீர். சுற்றிலும் உள்ள கூரைகளின் தண்ணீரும் சேர்ந்தால் அதைப்போலப் பல மடங்கு. தொட்டி அதை எதிர்க்கவே இல்லை. வா என்று உள்ளே அழைத்து, ஓர் அடிப் பள்ளத்தில் நிறுத்தி, ஜலதாரை வழியே அனுப்பிவைத்தது. தாழ்வாரத்தில் சாரல் அடிக்கும், பாயைச் சுருட்ட வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடிக் கூரை அதே தண்ணீரை ஒரு சொட்டுகூட உள்ளே விடாமல் நான்கு விளிம்பிலும் தடுக்க வேண்டும்; அதுவும் வருடாவருடம்.

தடுப்பது கண்ணாடி இல்லை, விளிம்பு. பெரும்பாலான வீடுகளில் நான்கு அங்குலக் கட்டை கட்டி, அதன்மேல் இரும்பு பிரேம் வைத்து, கண்ணாடியை மட்டமாகப் படுக்கவைத்து, சுற்றிச் சிலிக்கான் இழுத்துவிடுகிறார்கள். "வாட்டம் வேண்டாமா மேஸ்திரி?" என்று கேட்டால், "சிலிக்கான் இருக்கே சார், ஒரு சொட்டு இறங்காது" என்பார். முதல் வருடம் இறங்காது. தளம் வேறு வேகத்தில் விரியும், இரும்பு வேறு வேகத்தில், கண்ணாடி வேறு வேகத்தில். பாலிகார்பனேட் ஷீட் கண்ணாடியைப் போல ஏழு மடங்கு விரியும்: மூன்று மீட்டர் ஷீட் 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் நீளும். ஸ்குரூவுக்குச் சரியான அளவில் துளை போட்டு இறுக்கினால் அந்த 8 மில்லிமீட்டர் எங்கே போகும்? நடுப்பகலில் மேலே டக், டக் என்று கேட்கும் சத்தம் அதுதான். நாளடைவில் துளை கிழிந்து நீள்வட்டமாகிறது, ரப்பர் வாஷர் வெயிலில் வெடிக்கிறது, ஷீட் மஞ்சளடிக்கிறது. ஏதோ ஒரு மே மாத மாலையில் சோபாவை நகர்த்தி வாளி வைக்க வேண்டியிருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் வீட்டுக்காரர் கூப்பிடுவது இன்னொரு சிலிக்கான் குழாயோடு வருகிறவரைத்தான்.

ஓட்டுக்காரர் வாட்டத்தை நம்பினார், நாம் பசையை நம்புகிறோம். இரண்டு காலத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசமாக எனக்குத் தெரிவது இது.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதில் மைசூர்க்காரர்கள் அதிகம் பயப்பட வேண்டியதில்லை. கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம், காற்றின் அடிப்படை வேகமாக மைசூருக்கு நொடிக்கு 33 மீட்டரும் சென்னைக்கு 50 மீட்டரும் வைத்திருக்கிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், சென்னையின் கூரைக் கண்ணாடி மைசூரைவிட 2.3 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் என்ன செய்தது என்று சென்னைக்குச் சொல்ல வேண்டியதில்லை. தட்டையான கூரைமேல் காற்று கண்ணாடியைக் கீழே அழுத்துவதைவிட மேலே உறிஞ்சித் தூக்கவே பார்க்கும். ஆகவே கண்ணாடியின் எடையை நம்பக் கூடாது. பிரேமைத் தளத்தோடு போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும்.

மைசூரில் கண்ணாடிக்கு உண்மையான எதிரிகள் ஆலங்கட்டி, பக்கத்து வீட்டுத் தென்னை, குரங்கு. இங்கே ஒரு விஷயத்தில் சமரசமே கூடாது. டஃபன்ட் கிளாஸ் என்று சொல்லி விற்கப்படுவது எளிதில் உடையாது. உடைந்தால் ஆயிரம் துண்டாகக் கீழே கொட்டும். தலைக்கு மேலே வைக்க வேண்டியது லேமினேட்டட் கண்ணாடி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டும் படலம் இருப்பதால், தேங்காய் விழுந்து நொறுங்கினாலும் சில்லுகள் படலத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கடைக்காரர் விலையைச் சொல்லும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவது வழக்கம்.

அப்படியானால் கல்யாண மண்டபத்தின் கண்ணாடி மட்டும் எப்படி ஒரு நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது? அது நிற்கும் உயரத்தைப் பாருங்கள். சூடான காற்று மனிதர்களின் தலைக்கு வெகு மேலே தேங்கும். கண்ணாடிக்கு அடர்ந்த நிறம் இருப்பதால் வெளிச்சம் வடிகட்டி வருகிறது. சுற்றிலும் திறந்த வளைவுகள். பராமரிக்க ஆட்களும் பணமும் உண்டு. பதினெட்டு அடி உயர ஹாலில் தெளிந்த கண்ணாடியைப் போட்டுவிட்டு, அரண்மனையில் இருக்கிறதே என்று சொல்வது சரியான ஒப்பீடாகாது.

தொட்டியைப் போற்றுகிறவர்கள் அதன் குறைகளை மறந்துவிடுகிறார்கள். கொசு வரும், திருடன் வருவான், அடைமழையில் மூன்று நாள் துணி காயாது. முற்றத்தைச் சுற்றி நடந்தே பாதி ஆயுள் போனதாகப் பெண்கள் சொல்வார்கள்; அது நியாயம்தான். 1200 சதுர அடி மனையில் 100 சதுர அடியை வானத்துக்கு விட்டுக்கொடு என்று இன்று யாரிடமும் சொல்ல முடியாது. பங்கு பிரிந்த பழைய வீடுகளில் தொட்டியை ஷீட் போட்டு மூடிவிட்டார்கள். அந்த மூடல்களிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கூரை மட்டத்தோடு ஒட்டி மூடியவர்களின் தாழ்வாரம் வெந்து கிடக்கிறது. ஓரிரண்டு அடி தூக்கி நிறுத்தி, பக்கங்களில் வலை மட்டும் அடித்தவர்களின் வீட்டில் காற்று இன்னும் மேலே போகிறது, மழையும் அதிகம் இறங்குவதில்லை.

புதிய வீட்டுக்கும் என் சிபாரிசு அதுதான். தளத்தில் ஓட்டை விடுங்கள். அதைக் கண்ணாடியால் மூடாமல், சுற்றி நான்கடிச் சுவர் எழுப்பி, மேலே சாதாரணக் கான்கிரீட் மூடி போட்டுவிடுங்கள். மாடிப்படிக்கு மேல் கட்டும் ஹெட்ரூம் போலத்தான். எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்த வேலை. வெளிச்சம் வடக்குச் சுவரில் வைக்கும் சன்னல் வழியே வரட்டும். மைசூரில் ஜூன் மாத நண்பகலில்கூடச் சூரியன் வடக்கே 11 பாகைதான் சாயும். ஓர் அடி சன்ஷேடு போட்டால் அதற்குக் கீழே ஐந்தடி உயரத்துக்கு உச்சி வெயில் படாது. காலையிலும் மாலையிலும் சாய்ந்து வருவதைப் பக்கவாட்டில் ஒரு சிறு தடுப்பு பார்த்துக்கொள்ளும். மழைக்கும் அதே சன்ஷேடு குடை. தண்ணீர் நிற்க இடமில்லாததால் சிலிக்கானுக்கு வேலை குறைவு. எதிர்ச் சுவரில் கொசுவலை போட்ட வென்டிலேட்டர் வைத்தால் தொட்டி செய்த பாதி வேலையை அது செய்யும்.

குறை உண்டு. படுத்த கண்ணாடி முழு வானத்தையும் பார்க்கும், நிற்கும் சன்னல் பாதி வானத்தைத்தான் பார்க்கும். அதே வெளிச்சம் வேண்டுமானால் பரப்பு இரண்டு, மூன்று மடங்காக வேண்டும். தரையில் வெயில் கட்டம் விழுந்து நகரும் அழகும் கிடைக்காது. அந்த அழகுக்காகத்தான் பலர் கண்ணாடி போடுகிறார்கள் என்பதால் இது சின்ன இழப்பில்லை. அந்த அழகு வேண்டும் என்பவர்கள் ஓரடிக்கு ஓரடியாக லேமினேட்டட் கண்ணாடித் துண்டுகள் இரண்டை, நல்ல வாட்டத்தில், கிழக்கு ஓரமாக வைத்துக்கொள்ளட்டும்.

மைசூரின் யாதவகிரியில் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் கட்டிக்கொண்ட வீடு 2016 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. எழுதும் அறைக்கு எட்டு சன்னல்கள் வைத்தார். சாமுண்டி மலையும் நகரத்தின் கோபுரங்களும் தெரிந்து எழுத்தைக் கெடுத்ததால், திரை போட்டு மறைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். சுவரில் இருக்கும் சன்னலுக்குத் திரை போடலாம், திறக்கலாம், தரையில் நின்றபடியே துடைக்கலாம். இருபதடி உயரத்தில் படுத்திருக்கும் கண்ணாடிக்கு இதில் எதையும் செய்ய முடியாது. அதைத் துடைக்க மொட்டை மாடிக்குப் போனால் உள்பக்கம் அப்படியே இருக்கும்.

மைசூரில் வீடு கட்டப்போகிறவர்கள் வரைபடம் கைக்கு வந்ததும் மூன்று கேள்விகளைப் பொறியாளரிடம் கேளுங்கள். கண்ணாடி படுத்திருக்கிறதா, நிற்கிறதா? நின்றால் எந்தத் திசையைப் பார்க்கிறது? சூடான காற்று வெளியேற வழி எங்கே? மூன்றுக்கும் பதில் வரும்வரை தளத்தில் ஓட்டை விடச் சம்மதிக்காதீர்கள். கான்கிரீட் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.